சலான் வந்தா கார் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுமா? ரினிவலுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

போன மாசம் என் மச்சான் கார் இன்சூரன்ஸ் ரினிவல் பண்ண உக்காந்தப்ப போன வருஷத்த விட கிட்டத்தட்ட 5,900 ரூபா கூட காட்டுச்சு, உடனே அவரு "ரெண்டு கேமரா சலான் வந்துச்சுல்ல மாப்ள, அதான் ஏத்திட்டாங்க"ன்னு சொன்னாரு. பழைய பாலிசி, புது கொட்டேஷன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா விஷயமே வேற. நடுவுல பம்பர் ஒடஞ்சதுக்கு ஒரு சின்ன கிளைம் போட்டிருக்காரு, அஞ்சு வருஷமா சேத்து வெச்சிருந்த 50% என்சிபி (நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருஷங்களுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) மொத்தமா போயிருச்சு. சலானுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதே குழப்பம் நெறைய பேருக்கு இருக்கு, அதனால எனக்கு தெரிஞ்சத முழுசா எழுதிடுறேன்.

நேரடியா சொல்லிடுறேன். இந்தியால இன்னைக்கு தேதிக்கு சலான் வந்துச்சுங்கற ஒரே காரணத்துக்காக தானா பிரீமியம் ஏத்துற மாதிரி நாடு முழுக்க ஒரு விதி கிடையாது. ஆனா இத கேட்டுட்டு "அப்ப பிரச்சன இல்ல"ன்னு விட்டுடாதீங்க, ஏன்னா ட்ராஃபிக் ரூல்ஸ மீறுறது நம்ம இன்சூரன்ஸ அடிக்கிற எடம் பிரீமியம் இல்ல, கிளைம். பிரீமியத்துல போனா ஆயிரமோ ரெண்டாயிரமோ தான் போகும், கிளைம்ல போனா லட்சக்கணக்குல போகும்.

முதல்ல உங்க பாலிசி பேப்பர எடுத்து பிரீமியம் எப்படி பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. ஓன் டேமேஜ்னு ஒண்ணு, அதுதான் நம்ம வண்டிக்கு ஆகுற சேதாரத்துக்கு. தேர்ட் பார்ட்டின்னு ஒண்ணு, அது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுறதுக்கு. அப்புறம் ஓட்டுற ஓனருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர், மேல ஆட்-ஆன் (நாம கேட்டு வாங்குற கூடுதல் கவர்), எல்லாத்துக்கும் மேல 18% ஜிஎஸ்டி. இதுல தேர்ட் பார்ட்டி ரேட்ட கம்பெனி முடிவு பண்றதில்ல, மத்திய சாலை போக்குவரத்து அமைச்சகம் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகள ஒழுங்குபடுத்துற அமைப்பு) கூட பேசி முடிவு பண்ணுது. 2022 ஜூன் 1ல வந்த ரேட்படி 1000 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 2,094 ரூபா, 1000ல இருந்து 1500 சிசி வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. நீங்க பத்து சலான் வாங்கியிருந்தாலும் சரி, ஒரு சலான் கூட வாங்காதவரா இருந்தாலும் சரி, இந்த ரேட் ஒண்ணுதான். புது கார் எடுக்குறப்ப 3 வருஷத்துக்கு சேத்து தேர்ட் பார்ட்டி கட்ட சொல்றாங்கல்ல, அது 2018 செப்டம்பர்ல இருந்து வந்தது, கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் ரோடு ஆக்சிடென்ட் சாவுகள கொறைக்கணும்னு சுப்ரீம் கோர்ட்ல போட்ட பொதுநல வழக்குல வந்த உத்தரவு. நம்ம ஊர் டாக்டர் ஒருத்தர் ஆபரேஷன் தியேட்டர விட்டு கோர்ட்டுக்கு போய் நாட்டுக்கே ஒரு விதிய கொண்டு வந்தாருங்கறது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

ஓன் டேமேஜ் தான் கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதுல வண்டி மாடல், வயசு, சிசி, ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸ்ல போடுற மதிப்பு), எந்த ஊர்ல ரிஜிஸ்டர் ஆனது (சென்னை ஏ ஜோன், திருச்சி மதுரை எல்லாம் பி ஜோன்), அப்புறம் முக்கியமா போன வருஷம் கிளைம் போட்டீங்களா இல்லையா, இதெல்லாம் பாப்பாங்க.

சரி, சலானையும் பிரீமியத்தையும் சேத்து வெக்கிற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, 2019 செப்டம்பர் 1ல புது மோட்டார் வாகன திருத்த சட்டம் வந்து ஃபைன் எல்லாம் பல மடங்கு ஏறுச்சுல்ல, அந்த சமயத்துல ஐஆர்டிஏஐ ஒரு குழு போட்டாங்க. அந்த குழு அறிக்கை 2021 ஜனவரில வெளில வந்துச்சு. அதுல என்ன சொன்னாங்கன்னா, இப்ப இருக்கற பிரீமியம் பகுதிகளோட ட்ராஃபிக் விதிமீறல் பிரீமியம்னு அஞ்சாவதா ஒண்ண சேக்கலாம், ஒவ்வொரு தப்புக்கும் பாயிண்ட் குடுக்கலாம், குடிச்சிட்டு ஓட்டினா 100 பாயிண்ட், தப்பான எடத்துல பார்க்கிங் பண்ணா 10 பாயிண்ட், ரெண்டு வருஷத்து பாயிண்ட கூட்டி அதுக்கேத்த மாதிரி ரினிவல் அப்ப கூடுதலா வாங்கலாம்னு. டூ வீலருக்கு 100ல இருந்து 750 ரூபா வரைக்கும், காருக்கு 300ல இருந்து 1,500 வரைக்கும்னு கணக்கு போட்டிருந்தாங்க, முதல்ல டெல்லில சோதனையா பண்ணலாம்னும் சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டியது, யார் ஓட்டினாலும் பாயிண்ட் வண்டி ஓனர் தலையில தான். வண்டிய வித்துட்டா வாங்குனவருக்கு கணக்கு பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்கும். 2024 செப்டம்பர்ல டெல்லி துணைநிலை ஆளுநர் சக்சேனா கூட இத கொண்டு வாங்கன்னு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு லெட்டர் எழுதினாரு. அதாவது இது முடிஞ்சு போன பேச்சு இல்ல, என்னைக்கு வேணா வரலாம், வந்தா பழைய ரெண்டு வருஷ சலானையும் சேத்து பாக்க வாய்ப்பிருக்கு. அதனால தான் இப்பவே ஓட்டுறதயும் சலானையும் ஒழுங்கா வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

வெளிநாட்டுல இதெல்லாம் பழகுன விஷயம். சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு தெரியும், 3 வருஷம் டிமெரிட் பாயிண்ட் இல்லாம ஓட்டினா நோ கிளைம் தள்ளுபடிக்கு மேல இன்னொரு 5% கெடைக்கும். லண்டன்ல உள்ளவங்க இன்சூரன்ஸ் எடுக்கறப்ப 5 வருஷத்து தண்டனைகள சொல்லியாகணும், மறைச்சா பாலிசியே செல்லாம போகலாம்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துல பணம் நெஜமாவே போற எடத்துக்கு வரேன்.

குடிச்சிட்டு ஓட்டுறது. ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தான் எல்லை. முதல் தடவை மாட்டினா 10,000 ரூபா ஃபைன், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். பல பேரு இந்த பத்தாயிரத்தோட முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. போலீஸ்ல மாட்டாம எங்கயாவது போய் இடிச்சாங்கன்னு வைங்க, ஆஸ்பத்திரி பேப்பர்ல மது வாசனைன்னு ஒரு வரி எழுதியிருந்தாலே ஓன் டேமேஜ் கிளைம் சிக்கல் தான், எல்லா பாலிசிலயும் போதைல ஓட்டினா கவர் கிடையாதுன்னு எழுதியிருக்கும். 4 லட்சத்துக்கு ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் வந்தா 4 லட்சமும் நம்ம கைல இருந்து. எதிர்ல ஒருத்தர் அடிபட்டிருந்தா இன்னும் மோசம், நெறைய கேஸ்ல ட்ரிப்யூனல் (ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ விசாரிக்கிற கோர்ட்) என்ன சொல்லும்னா அடிபட்டவருக்கு கம்பெனி முதல்ல பணத்த குடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கட்டும்னு. அந்த வசூல் நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது தான் ஓனருக்கு தலையே சுத்தும். அடிபட்ட குடும்பத்துக்கு பணம் போய் சேரணும்ங்கறதால அந்த முறை நியாயமானது தான், ஆனா நம்ம சொத்து ஜப்தி வரைக்கும் போக வாய்ப்பிருக்குங்கறத தெரிஞ்சுக்கோங்க.

அடுத்தது லைசன்ஸ். சலானுக்கும் இன்சூரன்ஸுக்கும் உண்மையான கனெக்‌ஷன் இங்க தான் இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. சுப்ரீம் கோர்ட் அமைச்ச ரோடு சேஃப்டி கமிட்டி 2015ல எல்லா மாநிலத்துக்கும் சொன்னது என்னன்னா, ஓவர் ஸ்பீடு, ரெட் சிக்னல தாண்டுறது, போன் பேசிக்கிட்டே ஓட்டுறது, குடிச்சிட்டு ஓட்டுறது இதுக்கெல்லாம் குறைஞ்சது 3 மாசம் லைசன்ஸ சஸ்பெண்ட் பண்ணுங்கன்னு. சஸ்பெண்ட் ஆன அந்த 3 மாசத்துல "ஆஃபீஸ் வரைக்கும் தானே"ன்னு வண்டி எடுத்து இடிச்சா, செல்லுபடியாகுற லைசன்ஸ் இல்லாதவரு ஓட்டுனதா ஆயிரும். அப்ப ஓன் டேமேஜ் கிளைம் கெடைக்காது, தேர்ட் பார்ட்டில மேல சொன்ன அதே வசூல் கதை. ஆயிரம் ரூபா செல்போன் ஃபைன்ல ஆரம்பிச்சது அங்க போய் நிக்கும். லைசன்ஸ் எக்ஸ்பயரி ஆனதும் இதே கணக்கு தான், 40 வயசு தாண்டுனவங்க இன்னைக்கே கார்ட எடுத்து தேதிய பாருங்க, முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரினிவலுக்கு போடலாம்.

வீட்டுல பசங்க இருந்தா இதையும் படிங்க. 18 முடியாத பையன்கிட்ட சாவி குடுத்தா மோட்டார் வாகன சட்டம் 199ஏ பிரிவுல அப்பா அம்மாவுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ஃபைன், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கெடையாது. இன்சூரன்ஸும் கை குடுக்காது. தெருமுனை கடைக்கு தானேன்னு குடுக்குற சாவி தான், தயவு செஞ்சு குடுக்காதீங்க.

ஓன் போர்டு வண்டிய வாடகைக்கு ஓட்டுறது நம்ம ஊர்ல சகஜமா நடக்குது, தெரிஞ்சவங்க கல்யாணத்துக்கு, ஏர்போர்ட் பிக்கப்புக்குன்னு. பாலிசில பிரைவேட் யூஸ்னு இருக்கும், காசு வாங்கி ஓட்டுனது தெரிஞ்சா கிளைம் போச்சு. சேதாரத்த பாக்க கம்பெனி அனுப்புற சர்வேயர் வண்டில இருந்தவங்ககிட்ட பேசினாலே தெரிஞ்சுரும். இதுக்கு எதிரா ஒரு நல்ல விஷயம், குட்டி யானை மாதிரி சின்ன சரக்கு வண்டி ஓட்டுறவங்க சாதா எல்எம்வி (கார் மாதிரி இலகு ரக வண்டி) லைசன்ஸ் வெச்சிருந்தாலே போதும், மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா தனி பேட்ஜ் இல்லன்னு கம்பெனி கைவிரிக்க முடியாது, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் உறுதியா சொல்லிருச்சு.

ஒண்ணு தெளிவா சொல்லணும், கட்டாத சலான் ஒண்ணு பாக்கி இருக்குங்கறதோ, சீட் பெல்ட் ஃபைன் ஒரு தடவ வந்துச்சுங்கறதோ மட்டும் கிளைம தள்ளுபடி பண்ண காரணம் இல்ல. அப்படி யாராச்சும் வாயால சொன்னா, எந்த பாலிசி கண்டிஷன்படின்னு எழுத்துல கேளுங்க.

இப்ப மச்சான் பம்பர் கணக்குக்கு வருவோம், ஏன்னா ரூல்ஸ் மீறுறதால நடக்கற சின்ன சின்ன இடி தான் பெரும்பாலான பேருக்கு பிரீமியத்த ஏத்துது. முன்னாடி போற வண்டிய ஒட்டி ஓட்டுறது, போன பாத்துக்கிட்டே சிக்னல்ல நகத்துறது, இதுல தான் பம்பர் போகும். என்சிபி வரிசை 20, 25, 35, 45, 50 சதவீதம், ஒவ்வொரு வருஷமும் கிளைம் போடலன்னா ஒரு படி ஏறும், ஒரு கிளைம் போட்டா நேரா பூஜ்ஜியம். ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 10,000னு வைங்க. 50%ல இருந்தவரு கிளைம் போட்டா அடுத்த ரினிவல்ல 5,000 நஷ்டம், அதுக்கடுத்த வருஷம் 20% தான் கெடைக்கும் அதனால 3,000, அப்புறம் 2,500, அப்புறம் 1,500, அப்புறம் 500. கூட்டினா 12,500, 18% ஜிஎஸ்டி சேத்தா 14,750. வண்டி பழசாக பழசாக ஐடிவி கொறையறதால இது கொஞ்சம் கம்மியாகும், ஆனாலும் அளவு இதுதான். இப்ப அந்தப்பக்கம் பாருங்க, பம்பர் விலை 12,000ன்னா, பம்பர் டு பம்பர் கவர் (பார்ட் தேய்மானத்த கழிக்காம பணம் தர்ற ஆட்-ஆன்) இல்லாத பாலிசில பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பாதி தான் தருவாங்க, 6,000, அதுல ஒவ்வொரு கிளைமுக்கும் நம்ம பங்கா பிடிக்கிற கட்டாய கழிவு 1,000 (1500 சிசிக்கு மேலன்னா 2,000), கைக்கு வர்றது 5,000. 5,000 வாங்க போய் 14,750 விட்டிருக்காரு. ஒர்க்‌ஷாப்ல "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்"னு சொன்னவுடனே தலையாட்டாம ஒரு அஞ்சு நிமிஷம் இந்த கணக்க பேப்பர்ல போட்டு பாருங்க. என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா கணக்கு மாறும், எத்தன கிளைம் வரைக்கும்னு மட்டும் படிச்சுக்கோங்க.

என்சிபில இன்னும் ரெண்டு விஷயம். பாலிசி முடிஞ்சு 90 நாளுக்கு மேல விட்டா சேத்து வெச்ச என்சிபி எல்லாம் போயிரும். இன்சூரன்ஸ் இல்லாம மாட்டினா முதல் தடவ 2,000, மறுபடி மாட்டினா 4,000, ஜெயிலும் உண்டு. அப்புறம் கம்பெனி மாத்தும்போது கிளைம் போட்டத மறைச்சு என்சிபி வாங்காதீங்க, புது கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கும், பொய்னு தெரிஞ்சா பெரிய கிளைம் வரும்போது அத காட்டியே மறுப்பாங்க. ஏஜெண்ட் தானா டிக் போட்டு குடுத்தாலும் கையெழுத்து நம்மளுது தான்.

சலான் பாக்குறது எப்படின்னா, பரிவாகன் இ-சலான் சைட்டுல வண்டி நம்பர் அடிச்சு, சேசிஸ் நம்பரோ இன்ஜின் நம்பரோ அதோட கடைசி இலக்கங்கள போட்டா பாக்கி எல்லாம் வரும். வண்டி நம்பர்ல ஒரு தடவ, லைசன்ஸ் நம்பர்ல ஒரு தடவ, ரெண்டுலயும் பாருங்க, ஏன்னா அடுத்தவங்க வண்டிய நீங்க ஓட்டினப்ப போட்டது லைசன்ஸ்ல தான் நிக்கும். எஸ்எம்எஸ்ல சலான்னு லிங்க் வந்தா தொடாதீங்க, ஏபிகே ஃபைல் அனுப்பி பேங்க் கணக்க காலி பண்றாங்க, எப்பவும் நீங்களா சைட்டுக்கு போய் பாருங்க. போட்டோவ பெருசு பண்ணி பாக்கணும், நம்பர் ப்ளேட்ல 3ம் 8ம் மாறி வேற வண்டிக்கு போட்டது நெறைய நடக்குது. கேமரால புடிச்சதுன்னா 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்னு 2021 ஆகஸ்ட்ல வந்த 167ஏ விதி சொல்லுது. தப்பா வந்திருந்தா கட்டிடாம, உங்க வண்டி போட்டோ, அந்த நேரத்துல வண்டி எங்க இருந்துச்சுங்கறதுக்கு ஃபாஸ்டேக் பதிவு, பார்க்கிங் ரசீது எதாவது வெச்சு புகார் போடுங்க. கட்டாம விட்டது விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன்லயே நடக்கற கோர்ட்) போயிருக்கும், அங்க தேடி கட்டலாம் இல்ல எதிர்த்து சொல்லலாம். பாக்கி நின்னா ஆர்டிஓ ஆஃபீஸ்ல பேர் மாத்துறது, எஃப்சி எதுவும் நகராது.

வண்டி வித்தவங்களுக்கு தனியா சொல்றேன். எங்க சித்தப்பா பழைய கார ஒரு புரோக்கர் மூலமா வித்தாரு, பேர் மாத்துறதுக்கான 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து போட்டு குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு வந்துட்டாரு. ஒன்பது மாசமா சலான் அவர் போனுக்கே வந்துச்சு, பேரே மாத்தல. சலானாவது ஆயிரம் ரெண்டாயிரம், ஆக்சிடென்ட் ஆயிருந்தா? 2018ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல சொல்லிருச்சு, ஆர்சில யார் பேர் இருக்கோ அவர் தான் ஓனர், வண்டி நாலு கை மாறியிருந்தாலும் நஷ்டஈடு பொறுப்பு அவருக்கு தான்னு. அதனால பேர் மாறின ஆர்சிய கண்ணால பாக்குற வரைக்கும் விடாதீங்க. விக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட என்சிபி ரிசர்வேஷன் லெட்டர் வாங்கிக்கோங்க, என்சிபி வண்டிக்கு இல்ல உங்களுக்கு தான் சொந்தம், அடுத்த கார்ல போட்டுக்கலாம். வாங்குறவங்க 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனில பேர் மாத்த சொல்லி எழுதிக் குடுக்கணும், மாத்தலன்னா தேர்ட் பார்ட்டி ஓடும், ஓன் டேமேஜ் கேட்டா கை விரிப்பாங்க.

நல்லா ஓட்டுறவங்களுக்கு பிரீமியம் கொறைய வழியும் இருக்கு. 2022 ஜூலைல ஐஆர்டிஏஐ, ஓன் டேமேஜ்ல எவ்ளோ ஓட்டுறோம், எப்படி ஓட்டுறோம்ங்கறத வெச்சு பிரீமியம் போடுற ஆட்-ஆனுக்கு அனுமதி குடுத்தாங்க. போன் ஆப்போ வண்டில மாட்டுற சின்ன கருவியோ வேகம், திடீர் பிரேக் எல்லாம் எழுதி வெக்கும். வாரக்கடைசில மட்டும் கார் எடுக்கறவங்களுக்கு கிலோமீட்டர் கணக்குல போடுறது நல்லாவே மிச்சம் ஆகும். டெய்லி ஓஎம்ஆர்ல போய் வர்றவங்களுக்கு எனக்கு பெருசா லாபம் தெரியல, கிலோமீட்டர் தாண்டினா டாப்-அப் பண்ணணும், அத மறந்து விட்டா கிளைம்ல தகராறு.

அப்படியும் கிளைம மறுத்துட்டாங்கன்னா முதல்ல காரணத்த எழுத்துல வாங்குங்க, போன்ல சொல்றத ஏத்துக்காதீங்க. கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, கூடவே ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா சைட்டுலயும் பதிவு பண்ணுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னா, இல்ல வந்த பதில் சரியில்லன்னா, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்க்கிற அதிகாரி) போகலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னைல ஆஃபீஸ் இருக்கு. 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஒரு பைசா கட்டணம் கெடையாது, வக்கீல் தேவையில்ல, கம்பெனி கடைசியா மறுத்த தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். கூட வெக்க வேண்டியது பாலிசி காப்பி, மறுப்பு லெட்டர், சர்வேயர் ரிப்போர்ட், போலீஸ்ல குடுத்த சிஎஸ்ஆர் (புகார் ரசீது) இல்லன்னா எஃப்ஐஆர், ஓட்டினவர் லைசன்ஸ் காப்பி. சர்வேயர் ரிப்போர்ட் தர மாட்டேன்னு சொல்வாங்க, கேட்டா குடுத்தாகணும், விடாம கேளுங்க.